உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு போர் விமானம் தயாராகிறது!

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் பாட்டும் படமும். இரண்டாவது மாதம் கேம்ஸ். மூன்றாவது மாதம் "இவ்வளவு பணம் போட்டு வாங்கியதை வைத்து வேறென்ன செய்யலாம்?" என்ற கேள்வி எந்த வீட்டிலும் வந்துவிடும். அதற்கு ஒரு பதிலை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். அந்தப் பதில் உங்கள் மேஜையில் தொடங்கி, அறுவடை முடிந்த ஒரு வயலுக்கு மேலே 50 மீட்டர் உயரத்தில் போய் நிற்கும்.

ரேடியோ கன்ட்ரோல் விமானங்களில் 'ஸ்கேல் வார்பேர்டு' என்று ஒரு வகை உண்டு. உலகில் உண்மையாகவே பறந்த ஒரு போர் விமானத்தை, அதே அளவு விகிதத்தில் சிறியதாகச் செய்து, ரிமோட் மூலம் பறக்க விடுவதுதான் இது. கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. நான் சொல்லப்போவது படம் வரைவதிலிருந்து எல்லாவற்றையும் நாமே செய்வது பற்றி.

நான் அம்பத்தூரில் இருக்கிறேன். பகலில் சாப்ட்வேர் வேலை. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாதான் மர வேலைக்குக் கூட்டாளி. கம்ப்யூட்டர் பக்கம் நான், கட்டர் பிளேடு பக்கம் அவர். இதற்காகப் புதிய கம்ப்யூட்டர் எதுவும் தேவைப்படவில்லை. நான்கு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண கம்ப்யூட்டர், ஏ4 பிரிண்டர், மூன்று இலவச சாப்ட்வேர்கள் போதும். படம் வரைய இங்க்ஸ்கேப், கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் கால்க் (எக்ஸெல் இருந்தால் அதுவே போதும்), பறக்கப் பழக பிகாசிம்.

எந்த விமானம்?

ஹாக்கர் ஹரிக்கேன். பலரும் ஸ்பிட்பயரைத்தான் செய்ய ஆசைப்படுவார்கள். அழகான விமானம்தான், ஆனால் அதன் இறக்கை நீள்வட்ட வடிவம். வரைவதும் கஷ்டம், வெட்டுவதும் கஷ்டம். ஹரிக்கேனின் இறக்கையில் பெரும்பாலும் நேர்கோடுகள். இன்னொரு வசதி, உண்மையான ஹரிக்கேனின் பின்பகுதியே எஃகுக் குழாய்களின் மேல் மரச் சட்டங்களும் குச்சிகளும் வைத்து, மேலே துணி போர்த்திச் செய்யப்பட்டது. சிட்னி காம் வடிவமைத்து 1935 நவம்பர் 6ல் முதலில் பறந்த இந்த விமானம், 14 ஆயிரத்துக்கும் மேல் தயாரானது. நாம் பால்சா மரத்தில் செய்யும்போது ஏறக்குறைய அதே முறையைத்தான் பின்பற்றுகிறோம்.

நமக்குச் சொந்தமான காரணம் ஒன்றும் இருக்கிறது. இந்திய விமானப்படையின் 6வது ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1ல் நம் திருச்சியில்தான் தொடங்கப்பட்டது. மெஹர் சிங் தலைமையில், ஹரிக்கேன் விமானங்களோடு. அடுத்த ஆண்டு இறுதியில் பர்மா எல்லைக்குப் போய், அரக்கான் போர்முனையில் தாழப் பறந்து எதிரி நிலைகளைப் படம் எடுத்தது. '14வது ராணுவத்தின் கண்கள்' என்று பெயர் வாங்கிய ஸ்குவாட்ரன் இது. மெஹர் சிங்குக்கு 1944ல் டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. திருச்சியில் தொடங்கிய விமானத்தைத் திருவள்ளூர் பக்கம் பறக்க விடுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறதல்லவா?

படத்தைப் பெரிதாக்குவது எப்படி?

ஒரு விமானத்தை மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து காட்டும் கோட்டுப் படத்துக்கு 'த்ரீ வியூ' என்று பெயர். இதை ஸ்கேன் செய்தோ டவுன்லோட் செய்தோ இங்க்ஸ்கேப்பில் கொண்டுவாருங்கள். ஹரிக்கேனின் இறக்கை நீளம் நுனிக்கு நுனி 12.19 மீட்டர். பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் நமக்கு 1219 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, அகல உயர விகிதத்தைப் பூட்டிவிட்டு, படத்தை அந்தக் கோட்டின் அளவுக்கு இழுங்கள்.

இங்கே புதியவர்கள் திகைத்துப்போவார்கள். புத்தகத்தில் 20 செ.மீ. இருந்த படம் ஆறு மடங்கு பெரிதானால் அதன் கோடுகளும் ஆறு மடங்கு தடித்துவிடும். அரை மில்லிமீட்டர் கோடு 3 மில்லிமீட்டர் பட்டையாகி நிற்கும். எந்த ஓரத்தில் வெட்டுவது? ஸ்கேன் செய்த படம் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் புள்ளியும் பெரிதாகும். அதனால் அந்தப் படத்தைக் கீழே ஒரு லேயரில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலே இன்னொரு லேயரில் பேனா டூலால் பட்டையின் நடுவே புதிய கோடு போடுங்கள். இப்படி வரையும் வெக்டார் கோட்டை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும், அதன் தடிமனை நாம் வைத்த அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அடுத்தது ரிப்கள், அதாவது இறக்கையின் குறுக்கே வரும் விலா எலும்புகள். ஹரிக்கேனின் வெளி இறக்கை நுனியை நோக்கிக் குறுகிப் போவதால் ஒவ்வொரு ரிப்பும் ஒவ்வொரு அளவு. அந்தக் காலத்தில் இதைக் கையால் வரைந்து முடிப்பதற்குள் பாதிப் பேர் விட்டுவிடுவார்களாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறக்கை வடிவங்களின் புள்ளி விவரங்களை இலவசமாக வைத்திருக்கிறது. நோட்பேடில் திறந்தால் இரண்டு வரிசை எண்கள், அவ்வளவுதான். நான் எடுத்தது கிளார்க் ஒய் என்ற வடிவம். உண்மையான ஹரிக்கேனில் இருந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அடி ரிப்பையும் நுனி ரிப்பையும் மட்டும் வரைந்துவிட்டு, இங்க்ஸ்கேப்பில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் உள்ள 'இன்டர்போலேட்' கட்டளையைக் கொடுத்தால் நடுவில் உள்ள ரிப்கள் அனைத்தையும் அதுவே வரைந்து தந்துவிடும். இந்த ஒரு கட்டளைக்காகவே கம்ப்யூட்டர் வாங்கலாம் என்பேன்!

பாதி இறக்கையின் படம் 61 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம். ஏ4 தாளில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் ஆறு தாள். பி.டி.எப். ஆகச் சேவ் செய்து, அடோப் ரீடரில் 'போஸ்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே துண்டாக்கும். அளவு நூறு சதவீதம் என்று இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். தாளுக்குள் அடங்கட்டும் என்று பல பிரிண்டர்கள் சொல்லாமலே படத்தை 97 சதவீதமாகச் சுருக்கிவிடும். கடிதத்தில் இது தெரியாது. 61 செ.மீ. இறக்கையில் கிட்டத்தட்ட 2 செ.மீ. காணாமல் போகும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் 10 செ.மீ. சதுரம் ஒன்று வரும்படி படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பா ஸ்டீல் ஸ்கேலை அந்தச் சதுரத்தின் மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் மரத்தில் கை வைப்பார்.

எடை என்ற எதிரி

இந்தக் கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இந்தப் பகுதியை விடாதீர்கள். ஆறு மாத உழைப்பு முதல் அரை நிமிடத்தில் தரையில் குத்தி நொறுங்குவதற்கு, ஓட்டுகிறவரின் கையைவிட இதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கம்ப்யூட்டர் படத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கித் தந்துவிடும். காற்று சுருங்காது. நீளம் பத்தில் ஒன்றானால் இறக்கையின் பரப்பு நூறில் ஒன்றாகிறது. எடையோ, அதே விகிதத்தில் போனால், ஆயிரத்தில் ஒன்றாக வேண்டும். போர்க்கோலத்தில் இருந்த ஹரிக்கேனின் எடை சுமார் 3,480 கிலோ. ஆயிரத்தில் ஒன்று என்றால் 3.48 கிலோ. அப்படிச் செய்தால் சரிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் மாடலின் இறக்கைப் பரப்பு 23.9 சதுர டெசிமீட்டர். எடையைக் கிராமில் எழுதி இதனால் வகுங்கள். வருவது 'விங் லோடிங்'. அதற்கு வர்க்கமூலம் கண்டு 4.5 ஆல் பெருக்கினால், எந்த வேகத்துக்குக் கீழே போனால் விமானம் காற்றில் நிற்காது என்பது கிலோமீட்டரில் கிடைக்கும். (கால்க்கில் வர்க்கமூலத்துக்கு எஸ்.க்யூ.ஆர்.டி. என்று ஒரு பங்ஷன் இருக்கிறது.) இது தோராயக் கணக்குதான். ஆனால் முடிவெடுக்கப் போதும். 3.48 கிலோ என்றால் மணிக்கு 54 கி.மீ. 2 கிலோ என்றால் 41. 1.6 கிலோ என்றால் 37. 1.25 கிலோ என்றால் 32.5. ஓடிவந்து கையால் வீசும்போது விமானத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 28 கி.மீ. வேகம். எதிர்க்காற்று ஒரு 8 கி.மீ. சேர்ந்தால் 36. எந்த எடை பறக்கும், எந்த எடை காலடியில் விழும் என்பதை மரம் வாங்கும் முன்பே கால்க் சொல்லிவிட்டது.

ஆகவே நாங்கள் 1,250 கிராம் என்று பட்ஜெட் போட்டோம். வீட்டு பட்ஜெட் போலவே ஒரு ஷீட். முதல் வரிசையில் பொருளின் பெயர், இரண்டாவதில் எடை, மூன்றாவதில் மூக்கிலிருந்து அது இருக்கும் தூரம். 3 செல், 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி 180 கிராம். பிரஷ்லெஸ் மோட்டார் 100. வேகக் கட்டுப்பாட்டு சர்க்யூட் 40. நான்கு சிறிய சர்வோ 36. ரிசீவர் 10. இதுவே 366 கிராம் ஆகிவிட்டது. மீதி 884 கிராமில் மரம், பசை, மேலுறை, பெயின்ட் எல்லாம் அடங்க வேண்டும்.

இந்த ஷீட்டால்தான் எங்கள் வீட்டில் ஒரு சண்டையும் வந்தது. மடங்கும் சக்கரம் வேண்டும் என்றார் பெரியப்பா. சக்கரங்களோடு அது 180 கிராம்.

"சக்கரமில்லாத பிளேனை எவன்டா செய்வான்? பார்க்கிறவன் சிரிப்பான்."

"பறக்கும்போது நிஜ ஹரிக்கேனுக்கும் சக்கரம் உள்ளேதான் இருக்கும் பெரியப்பா. வெளியே தெரியாது."

"இறங்கும்போது?"

"வயல்ல வயிற்றால சறுக்கி இறங்கும். வைக்கோல் கட்டைல சக்கரம் மாட்டினா குப்புறக் கவிழ்ந்துடும்."

எடைக் கணக்கைவிட இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் அவர் ஒத்துக்கொண்டார். ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் வழுவழுப்பான ஓடுதளம் நமக்கு யார் தருவார்கள்?

மூன்றாவது வரிசையின் பயன் இப்போது. எடையையும் தூரத்தையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் எங்கே விழும் என்று தெரியும். அது இறக்கையின் நடுப்பகுதி முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ. பின்னால் வர வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் விமானம் சொன்ன பேச்சு கேட்காது. ஹரிக்கேனுக்கு மூக்கு குட்டை, வால் நீளம். பேட்டரி இருப்பது ஈர்ப்பு மையத்துக்கு 17 செ.மீ. முன்னால், வால் இருப்பது 60 செ.மீ. பின்னால். வாலில் 20 கிராம் பசை கூடினால், அதை ஈடு செய்ய மூக்கில் 70 கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஆக மொத்தம் 90 கிராம் நஷ்டம். வால் பகுதிக்கு மட்டும் பால்சாப் பலகைகளை ஒவ்வொன்றாக எடை போட்டு, இருப்பதிலேயே லேசானதைப் பொறுக்கினோம். பால்சா நம் ஊர் மரமல்ல. பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருவது, விலையும் அதிகம். அதனால் பொறுக்கி எடுப்பதில் தயக்கமே வேண்டாம்.

கட்டி முடித்து, பெயின்டும் காய்ந்த பிறகு தராசு காட்டியது 1,285 கிராம். வட்டச் சின்னத்தை இங்க்ஸ்கேப்பில் வரைந்து பிரிண்டரிலேயே எடுத்தோம். நடுவில் சிவப்பு கிடையாது, கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும். ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி நம்மவர்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பர்மா போர்முனையில் சிவப்பை நீக்கிவிட்டார்கள். இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் கரையும். ஒட்டும் முன் கிளியர் லேக்கர் ஒரு பூச்சு அடித்துவிடுங்கள்.

வீட்டுக்குள் பறத்தல்

கீபோர்டில் பழகாதீர்கள். பயனே இல்லை. இப்போது வரும் பல டிரான்ஸ்மிட்டர்களை யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸ் அதை ஜாய்ஸ்டிக் என்று எடுத்துக்கொள்கிறது. வயலில் எந்த ரிமோட்டோ, வீட்டிலும் அதே ரிமோட். சிமுலேட்டரில் காலிபரேட் செய்துவிட்டு, முதலில் மேலே இறக்கை உள்ள டிரெயினர் விமானத்தை ஓட்டுங்கள். விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது எல்லாம் சுலபம். நம்மை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகும், வலம் இடமாகும். மூளை இதை ஏற்றுக்கொள்ளப் பத்து மணி நேரமாவது ஆகும். அந்தப் பத்து மணி நேரத்தில் உடைவது பிக்சல்தான், பால்சா இல்லை.

வார்பேர்டை முதல் விமானமாக எடுக்காதீர்கள். நானும் போம் டிரெயினர் ஒன்றை ஒரு வருடம் ஓட்டிவிட்டுத்தான் இதற்கு வந்தேன். சிமுலேட்டரில் சொல்லிக்கொடுக்க வேண்டிய இன்னொரு பாடம் திருப்பம். நேராகப் போகும்போது 33 கி.மீ.யில் நிற்கும் விமானம், 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் 39க்குக் கீழே விழும். 60 டிகிரி சாய்த்தால் 47. சினிமாவில் வருவது போல வெட்டித் திருப்பினால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது.

எங்கே பறக்க விடலாம்?

மொட்டை மாடியிலிருந்தோ, தெருவிலிருந்தோ, பள்ளி மைதானத்திலிருந்தோ வேண்டாம். 1.3 கிலோ எடை 60 கி.மீ. வேகத்தில் ஒருவர் மேல் மோதினால் அது விளையாட்டு இல்லை. நம் பகுதிக்கென்று வேறு சிக்கலும் உண்டு. ஆவடியில் விமானப்படை நிலையமும் பாதுகாப்புத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டு வட்டம் பூந்தமல்லி வரை நீளும். மேற்கே ரொம்ப தூரம் போனால் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் ரிமோட் விமானங்களுக்கும் பொருந்தும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்த வான்வெளி வரைபடத்தை அரசு இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள இடங்களில் 200 அடிதான். பொழுதுபோக்குக்காக ஓட்டும் 2 கிலோ வரையுள்ள விமானத்துக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. எடையைக் குறைக்க இதுவும் ஒரு காரணம்! பதிவு நடைமுறைகளை விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் தளத்தில் பார்த்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாங்கள் திருமழிசையைத் தாண்டி, திருவள்ளூர் சாலையை ஒட்டிய ஒரு வயலில், நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிப் பறக்க விட்டோம். காலை ஆறரை மணி, லேசான காற்று. ரிமோட்டை முதலில் ஆன் செய்து, பிறகுதான் பேட்டரியைச் செருக வேண்டும். எலிவேட்டர், எய்லரான் சரியான பக்கம் அசைகிறதா என்று இரண்டு முறை பார்த்தோம். முக்கால் பவர் கொடுத்ததும் பெரியப்பா காற்றுக்கு எதிராக நான்கு எட்டு ஓடி, மேல் நோக்கி வீசாமல், நேராக ஈட்டி எறிவது போல் வீசினார். ஒரு முழம் இறங்கி, பிடித்துக்கொண்டு, ஏறியது. டிரிம்மை வலது பக்கம் மூன்று கிளிக் தட்டினேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஏழு நிமிடம் பறந்தது. காலை வெயிலில் அந்தக் குட்டை மூக்கும் தடித்த இறக்கையும் நிஜ ஹரிக்கேன் போலவே தெரிந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை, கழுத்து வலிக்க அண்ணாந்தே நின்றார். இறக்கும்போது பவரை முழுவதும் குறைக்காமல், கால் பங்கு வைத்தபடியே கொண்டுவந்து, தரை தொடும் ஒரு மீட்டர் முன்பு நிறுத்தினேன். வயிற்றில் ஒட்டிய பேக்கிங் டேப்பில் கீறல், வேறொன்றுமில்லை. பேட்டரியில் ஒரு செல்லுக்கு 3.75 வோல்ட் மிச்சம் இருந்தது. இதை 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டால் லிப்போ கெட்டுவிடும். சார்ஜ் ஆகும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப்போவதும் ஆபத்து.

இப்போது பெரியப்பாவுக்குச் சக்கரம் வைத்த ஹரிக்கேன் வேண்டும். எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இன்னொரு ஷீட் திறந்திருக்கிறேன். இறக்கை 152 செ.மீ., பரப்பு 37.4 சதுர டெசிமீட்டர். பாதி இறக்கைக்கு அதே ஆறு தாள்தான். சக்கரத்தோடு 2.2 கிலோ என்றால் 34.5 கி.மீ. வேகம் போதும். ஆனால் 2 கிலோவைத் தாண்டுகிறது. 200 கிராமுக்கு மேல் எங்காவது வெட்ட வேண்டும். எதை எடுப்பது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பட்டியலை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.